ஃபைல் பேரு நீளம்னு காப்பி ஆகலையா? எதை எண்ணணும், எங்க வெட்டணும்

போன டிசம்பர்ல ஏற்காட்டுலருந்து ஒரு எஸ்டேட் ரைட்டர் அண்ணன் போன் பண்ணாரு. பழம் பறிப்பு நடக்கிற சீசன், கூலிக் கணக்கு தலைக்கு மேல இருக்கு. "தம்பி, பேக்கப் போட்டா பாதி ஃபைல் போவுது, பாதி போவ மாட்டேங்குது, டிஸ்க்ல எடம் நெறைய கெடக்கு, என்ன கருமம்னே தெரியல" அப்படின்னாரு. காப்பி எஸ்டேட்ல காப்பி ஆகலைன்னு நான் சிரிச்சதுக்கு அவரு சிரிக்கல. நான் சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்கிறவன், இந்த மாதிரி கேஸ் மாசத்துக்கு ரெண்டு மூணு வரும், ஆடிட்டர் ஆபீஸ், ஸ்டுடியோ, செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை எல்லாத்துலருந்தும். எல்லாருக்கும் தனித்தனியா போன்ல சொல்லி சொல்லி வாய் வலிச்சுடுச்சு, அதான் ஒரே எடத்துல எழுதிடலாம்னு.

அவசரமா இருக்கிறவங்களுக்கு மட்டும் முதல்ல: மாட்டிக்கிட்ட ஃபோல்டரை மொத்தமா கட் பண்ணி நேரா டி டிரைவுக்கு உள்ள, வேற எந்த ஃபோல்டருக்குள்ளயும் போடாம பேஸ்ட் பண்ணுங்க, பேரை ரெண்டு எழுத்துல வெச்சுக்கங்க, அப்புறம் அங்கருந்து காப்பி பண்ணிப் பாருங்க. பத்துல ஏழு கேஸ் இதுலயே முடிஞ்சிரும். முடியலன்னா மீதியைப் படிங்க.

விண்டோஸ் எதை எண்ணுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி தலைவலி போயிரும். நீங்க ஃபைலுக்கு வெச்ச பேரை மட்டும் அது எண்ணல, டிரைவ் எழுத்துலருந்து ஆரம்பிச்சு, கோலன், சாய்கோடு, ஒவ்வொரு ஃபோல்டர் பேரு, நடுவுல வர்ற ஒவ்வொரு சாய்கோடு, கடைசில ஃபைல் பேரு, புள்ளி, எக்ஸ்டென்ஷன் வரைக்கும் மொத்தத்தையும் ஒரே சரமா எண்ணுது. இந்த சரத்தைத்தான் பாதைன்னு சொல்றது, அதுக்கு 260 தான் எல்லை, அதுலயும் முடிவைக் காட்ட ஒரு காலி எழுத்து உள்ளுக்குள்ள வெச்சுக்கிறதால நமக்குக் கெடைக்கிறது 259. ஃபோல்டர் உண்டாக்கணும்னா இன்னும் கம்மி, 248-க்குள்ள இருக்கணும், ஏன்னா பழைய டாஸ் காலத்து எட்டு எழுத்து, புள்ளி, மூணு எழுத்துன்னு 12 எழுத்துப் பேருல ஒரு ஃபைலாவது அதுக்குள்ள போட எடம் வேணும்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. இதுல வேடிக்கை என்னன்னா ஹார்ட் டிஸ்க்குல ஃபைலை அடுக்கி வெக்கிற என்டிஎஃப்எஸ்ங்கிற முறைக்கு இந்தப் பிரச்சினையே கெடையாது, அது தனிப் பேருக்கு 255 எழுத்து, மொத்தப் பாதைக்கு சுமார் 32,767 எழுத்து வரைக்கும் தாங்கும். தடுக்கிறது அதுக்கு மேல உக்காந்திருக்கிற விண்டோஸோட பழைய வழக்கம்.

நெறைய பேரு நெனைக்கிறது, ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு ரொம்ப ஆழமாப் போனதால இப்படி ஆச்சுன்னு. ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, அந்த மாதிரி "இத்தனை வளைவுக்கு மேல போகக்கூடாது"ன்னு ஒரு போர்டு உள்ள இருக்கும்னு ஒரு நெனப்பு. அப்படி ஒண்ணும் இல்லைங்க. ஒத்தை எழுத்துல பேரு வெச்சுக்கிட்டே போனீங்கன்னா அந்த 248-க்குள்ள 122 அடுக்கு உள்ள போகலாம், நான் சும்மா போட்டுப் பாத்த கணக்கு இது. அதே ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 30 எழுத்துல பேரு வெச்சா ஏழாவதோட சரி, எட்டாவது வளைவுலயே வண்டி நின்னுரும். அதனால அடுக்கை எண்ணாதீங்க, எழுத்தை எண்ணுங்க.

சரி, 260-க்கு மேல விடாதுன்னா அந்த நீளமான பாதை எப்படித்தான் உண்டாச்சு? இதுக்கு மூணு நாலு வழி இருக்கு. ஆபீஸ்ல ரொம்ப சகஜமானது நெட்வொர்க் டிரைவ். சர்வர்ல டி டிரைவுக்குள்ள, ஷேர்டுக்குள்ள, அக்கவுண்ட்ஸுக்குள்ள, 2023-24-க்குள்ள இருக்கிற ஃபோல்டரை ஸ்டாஃப் கம்ப்யூட்டர்ல இசட் டிரைவ்னு மேப் பண்ணி வெச்சிருப்பாங்க. ஸ்டாஃபுக்கு பாதை இசட் கோலன்ல ஆரம்பிக்குது, அவங்களுக்கு 259 முழுசா கெடைக்குது, அவங்க தாராளமா பேரு வெச்சுத் தள்ளிருவாங்க. ராத்திரி சர்வர்ல பேக்கப் ஓடும்போது அதே ஃபைலுக்கு முன்னாடி இன்னும் 24 எழுத்து சேந்துக்குது, அங்க முட்டிக்கும். இன்னொண்ணு, உள்ள எல்லாம் போட்டு முடிச்சுட்டு மேல இருக்கிற ஃபோல்டர் பேரை மாத்துறது. "கணக்கு"ன்னு இருந்ததை "2023-24 ஆடிட்டருக்கு அனுப்புன ஃபைனல் கணக்கு"ன்னு மாத்துனா விண்டோஸ் சத்தமில்லாம விட்டுரும், உள்ள இருக்கிற ஐநூறு ஃபைலும் ஒரே நொடில எல்லை தாண்டிரும். ஜிப்பை விரிக்கிறப்பவும் இதே கதைதான், "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" குடுத்தா ஜிப்போட பேருல ஒரு ஃபோல்டர் போடும், உள்ள பாத்தா அதே பேருல இன்னொரு ஃபோல்டர் இருக்கும், நீளம் ரெட்டிப்பு. விரிக்கும்போதே பாத் டூ லாங்னு 0x80010135 நம்பர் காட்டுச்சுன்னா இதுதான், ஜிப்பை நேரா டி டிரைவுக்கு மாத்தி பேரைச் சுருக்கிட்டு விரிங்க.

டெஸ்க்டாப்ல கொட்டி வெக்கிறவங்க இன்னொண்ணு தெரிஞ்சுக்கங்க, டெஸ்க்டாப்ங்கிறது உங்க கண்ணுக்கு முன்னாடி இருந்தாலும் அது உண்மைல சி டிரைவுக்குள்ள யூசர்ஸுக்குள்ள உங்க பேருக்குள்ள இருக்கு, அதுலயே 25 எழுத்து போயிருச்சு. ஒன்டிரைவ் போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்னா கம்பெனி பேரும் நடுவுல வந்து உக்காந்துக்கும், 60 எழுத்து காலி. ஒன்டிரைவுக்கு அதோட சொந்த எல்லை வேற இருக்கு, 400 எழுத்து, அது மேகத்துல இருக்கிற பாதைக்கு.

எக்செல் பத்தி தனியாச் சொல்லணும், ஏன்னா ஆடிட்டர் ஆபீஸ்காரங்க எல்லாரும் இதுலதான் மாட்டுறாங்க. எக்செலுக்கு 260 கூட கெடையாது, பாதையும் ஃபைல் பேரும் சேத்து 218 எழுத்துதான். அதாவது ஃபைல் ஃபோல்டர்ல இருக்கு, கண்ணுக்குத் தெரியுது, காப்பி ஆகுது, எல்லாம் சரி, ஆனா டபுள் கிளிக் பண்ணா எக்செல் திறக்க மாட்டேங்கும். மார்ச் மாசக் கடைசில ஒரு ஆபீஸ்ல ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுன்னு அழாத குறையா கூப்பிட்டாங்க, போய் அந்த ஒரு ஃபைலை டி டிரைவுக்கு இழுத்துப் போட்டேன், திறந்துச்சு. அஞ்சு நிமிஷ வேலை, அதுக்குள்ள யாரோ ரிக்கவரி சாஃப்ட்வேர் வாங்க காசு கட்டிட்டாங்க. எக்செல் ஃபைல் திறக்கலன்னா ரிக்கவரிக்குப் போறதுக்கு முன்னாடி இடத்தை மாத்திப் பாருங்க சாமி.

இப்ப எந்த ஃபைலெல்லாம் நீளம்னு கண்டுபிடிக்கிறது. ஆயிரக்கணக்குல இருக்கிறப்ப ஒண்ணொண்ணா எண்ண முடியாது. கமாண்ட் பிராம்ப்ட் திறங்க, முதல்ல சி-எச்-சி-பி அடிச்சு ஸ்பேஸ் விட்டு 65001 போட்டு என்டர். இது தமிழ்ப் பேரு கேள்விக்குறியா மாறாம இருக்கிறதுக்கு, இதை விட்டுட்டா லிஸ்ட் முழுக்க குப்பையா வரும். அடுத்தது உங்க ஃபோல்டருக்குள்ள போயிட்டு டி-ஐ-ஆர், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் பி, அதுக்கப்புறம் > (கிரேட்டர் தேன்) குறி, கடைசில ஒரு டெக்ஸ்ட் ஃபைல் பேரு. மொத்தப் பாதையும் வரிக்கு ஒண்ணா அந்த ஃபைல்ல வந்துரும். நடுவுல எதாவது டைரக்டரி நேம் டூ லாங்னு ஸ்கிரீன்ல கத்துச்சுன்னா அதையும் குறிச்சு வெச்சுக்கங்க, அதுதான் முக்கியக் குற்றவாளி. டெக்ஸ்ட் ஃபைலை நோட்பேட்ல திறந்து, மொத்தமா செலக்ட் பண்ணி காப்பி எடுத்து எக்செல்ல ஏ காலம்ல ஒட்டுங்க. நேரா எக்செல்ல திறந்தா தமிழ் உடைஞ்சு வரும், அதான் நோட்பேட் வழியா. பி காலம்ல சமக்குறி போட்டு எல்-இ-என், பிராக்கெட்டுக்குள்ள ஏ1 அடிச்சு கீழ வரைக்கும் இழுத்து விட்டு, பெருசுலருந்து சின்னதா அடுக்குங்க. விண்டோஸ் எப்படி எண்ணுதோ அதே மாதிரிதான் எக்செலும் எண்ணும், அதனால அந்த நம்பரை நம்பலாம். நான் 259-க்கு காத்திருக்க மாட்டேன், 200-க்கு மேல போன எல்லாத்தையும் மஞ்சள் அடிச்சுக் குடுத்துருவேன், எக்செல் 218 இருக்குல்ல.

வெட்டும்போது கீழருந்து வெட்டாதீங்க, மேலருந்து வெட்டுங்க. ஃபைல் பேரைச் சுருக்குனா ஒரு ஃபைல் பிழைக்கும், மேல இருக்கிற ஃபோல்டர் பேருல 20 எழுத்து குறைச்சா உள்ள இருக்கிற அத்தனையும் 20 குறையும். ஆனா சில நேரம் மேல கை வைக்க முடியாது, யாராவது எக்செல்ல லிங்க் குடுத்து வெச்சிருப்பாங்க, பேரை மாத்துனா லிங்க் அறுந்துரும். அப்ப சப்ஸ்ட்னு ஒரு பழைய கமாண்ட் இருக்கு, எஸ்-யூ-பி-எஸ்-டி. அதை அடிச்சு, ஸ்பேஸ் விட்டு, எக்ஸ் கோலன்னு ஒரு காலி டிரைவ் எழுத்து, அப்புறம் ஸ்பேஸ் விட்டு ரெட்டை மேற்கோளுக்குள்ள அந்த ஆழமான ஃபோல்டர் வரைக்கும் உள்ள பாதை. என்டர் அடிச்சதும் எக்ஸ்னு ஒரு புது டிரைவ் வரும், அதைத் திறந்தா நேரா ஆழத்துக்குள்ள நிப்பீங்க. எக்ஸ் கோலன் மூணு எழுத்துதான, இப்ப உள்ள இருக்கிறதை எல்லாம் தொடலாம், பேரு மாத்தலாம், வெளிய எடுக்கலாம். வேலை முடிஞ்சதும் அதே கமாண்ட், எக்ஸ் கோலன், ஸ்லாஷ் டி. மறந்தாலும் பரவால்ல, ரீஸ்டார்ட் பண்ணா அதுவே போயிரும்.

அழிக்கவே முடியாத ஃபோல்டர்னு ஒண்ணு வரும் பாருங்க, அதுக்கு ரெண்டு வழி. செவன்-ஜிப் போட்டிருந்தா அதோட ஃபைல் மேனேஜரைத் திறந்து அந்த ஃபோல்டரை ஷிப்ட் அமுக்கிக்கிட்டு டெலீட் குடுங்க, பெரும்பாலும் போயிரும். போகலன்னா ரோபோகாப்பி. விண்டோஸ்லயே இருக்கு, தனியா எறக்க வேண்டாம், நீளமான பாதையைப் பாத்து பயப்படாத கமாண்ட் அது. டி டிரைவுல காலியா ஒரு ஃபோல்டர் போடுங்க, ரோபோகாப்பி அடிச்சு முதல்ல காலி ஃபோல்டர் பாதை, அடுத்து மாட்டிக்கிட்ட ஃபோல்டர் பாதை, கடைசில ஸ்லாஷ் எம்-ஐ-ஆர். அதாவது "இந்தக் காலி ஃபோல்டர் மாதிரியே அதையும் ஆக்கு"ன்னு அர்த்தம், அது உள்ள இருக்கிறதை எல்லாம் துடைச்சு எடுத்துரும். ரெண்டாவதா அடிக்கிற பேரை மூணு தடவை பாத்துட்டு என்டர் அடிங்க, ரீசைக்கிள் பின்னுக்கெல்லாம் போகாது, போனா போனதுதான். கை நடுங்குற அளவுக்கு முக்கியமான டிஸ்க்குன்னா இதைச் செய்யாதீங்க, செவன்-ஜிப்போட நிறுத்திக்கங்க.

அப்புறம் எல்லாரும் கேக்குற "ரெஜிஸ்ட்ரில ஒண்ணு மாத்துனா சரியாயிடுமாமே". ஆமா, 2016-ல வந்த விண்டோஸ் 10-ஓட 1607 வெர்ஷன்லருந்து அந்த வசதி இருக்கு. ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ல லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், ஃபைல் சிஸ்டம் வரைக்கும் போனா "லாங் பாத்ஸ் எனேபிள்டு"ன்னு ஒண்ணு இருக்கும், அதை 1 ஆக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். புரோ வெர்ஷன் வெச்சிருக்கிறவங்க குரூப் பாலிசில சிஸ்டத்துக்குள்ள ஃபைல் சிஸ்டம்ல "எனேபிள் வின்32 லாங் பாத்ஸ்"னு இருக்கிறதை ஆன் பண்ணா அதே வேலைதான். ஆனா இதுல ஒரு சூட்சுமம், நீங்க ஆன் பண்ணா மட்டும் போதாது, நீங்க ஓட்டுற சாஃப்ட்வேரும் "எனக்கு நீளப் பாதை தெரியும்"னு தன் சைடுல எழுதி வெச்சிருக்கணும். எக்ஸ்ப்ளோரரே இன்னும் பழைய கணக்குலதான் ஓடுது. அதனால நான் ஆபீஸ்ல இதை ஆன் பண்றதே இல்ல, ஒரு சாஃப்ட்வேர் 300 எழுத்துல சேவ் பண்ணி வெச்சுரும், இன்னொண்ணு அதைத் திறக்க மாட்டேங்கும், கடைசில நம்மளத்தான் திட்டுவாங்க. புரோகிராம் எழுதுற பசங்களுக்கு வேணா இது பிரயோஜனம். அவங்களுக்குன்னே நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்னு ஒரு பாதாளம் உண்டு, 2015-ல வந்த என்பிஎம் 3-க்கு முன்னாடி ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கிக்கிட்டே போகும், மூணாவது வெர்ஷன்ல முடிஞ்ச வரைக்கும் தட்டையாப் பரப்பிட்டாங்க. கிட் பயன்படுத்துறவங்க கோர் லாங்பாத்ஸ்ங்கிற செட்டிங்கை ட்ரூ ஆக்கிக்கங்க, அவ்வளவுதான்.

இனிமேதான் ரைட்டர் அண்ணன் கதை. அவரு கம்ப்யூட்டர்ல லிஸ்ட் எடுத்துப் பாத்தா எந்தப் பாதையும் 200-ஐக் கூடத் தொடல. எனக்கே குழப்பம். அப்புறம்தான் பாத்தேன், பேக்கப் போறது நாஸ் பெட்டிக்கு, அதாவது நெட்வொர்க்ல மாட்டி வெக்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கு, நாஸுக்குள்ள ஓடுறது லினக்ஸ், அண்ணன் வெச்ச பேரெல்லாம் நல்ல தமிழ்ல.

லினக்ஸ்ல ஒரு பேருக்கு 255 தான் எல்லை, விண்டோஸ் மாதிரியேதான தெரியுதுன்னு நெனைப்பீங்க. விண்டோஸ் எண்ணுறது எழுத்தை, யூடிஎஃப்-16ங்கிற குறியீட்டு முறைக் கணக்குல. லினக்ஸ் எண்ணுறது பைட்டை. இங்கிலீஷ் எழுத்துன்னா ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ரெண்டும் ஒண்ணுதான், அதனால இங்கிலீஷ்ல பேரு வெக்கிறவங்களுக்கு வாழ்நாள் முழுக்க இது தெரியாமலே போயிரும். தமிழுக்கு யூடிஎஃப்-8-ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட். குறின்னு ஏன் சொல்றேன்னா, நாம ஒரு எழுத்துன்னு நெனைக்கிறது கம்ப்யூட்டருக்கு ஒண்ணு இல்ல. "கா"ங்கிறது க ஒண்ணு, கால் ஒண்ணு, ஆக ரெண்டு. "ம்"ங்கிறது ம ஒண்ணு, புள்ளி ஒண்ணு. "ஸ்ரீ"ன்னு பாக்க ஒத்தை எழுத்தா இருக்கிறது உள்ள நாலு, பைட்டுல 12. ஆக 255-ஐ மூணால வகுத்தா 85 குறி, நம்ம கண்ணுக்கு அது அம்பது எழுத்து சொச்சம்தான்.

அண்ணனோட ஃபைல்ல ஒண்ணை எடுத்துக்கங்க, "ஏற்காடு காப்பி பழம் பறிப்பு கூலி கணக்கு". கண்ணால எண்ணுனா 20 எழுத்து, அஞ்சு ஸ்பேஸ். விண்டோஸ் எண்ணுனா 39. லினக்ஸ் எண்ணுனா 107. இதுக்கு முன்னாடி எல்லா ஃபைலுக்கும் "ஸ்ரீ சேர்வராயன் துணை"ன்னு போட்டு ஒரு கோடு போட்டிருக்காரு, அந்த மலைல இருந்துக்கிட்டு அதைப் போடாம எப்படின்னு கேக்குறாரு, நியாயம்தான். எக்செல் எக்ஸ்டென்ஷனையும் சேத்தா இப்ப விண்டோஸ்ல 67, லினக்ஸ்ல 171. வாரா வாரம் திருத்துறப்ப பின்னாடி "டிசம்பர் இரண்டாவது வாரம் திருத்தியது"ன்னு ஒரு வால். விண்டோஸ்ல 104, ஒரு பிரச்சினையும் இல்ல. லினக்ஸ்ல 274. அங்க நின்னுச்சு வண்டி. வால் இல்லாத ஃபைல் போகுது, வால் உள்ளது போகல, அதான் பாதி போவுது பாதி போவல.

இதுல இன்னொரு கொடுமை. நாஸ்ல ரகசியமா இருக்கட்டும்னு பூட்டு போட்ட ஃபோல்டர் வெச்சிருப்பாங்க. ஈகிரிப்ட்எஃப்எஸ்ங்கிற முறைல பூட்டுனதுன்னா ஃபைல் பேரையும் சேத்துப் பூட்டும், பூட்டுன பேரு நீளமாயிடும், அதனால நமக்கு விடுறது 143 பைட் மட்டும். தமிழ்ல 47 குறி. அண்ணனோட சம்பள ஃபோல்டர் அதுலதான் இருந்துச்சு, வால் இல்லாத 171 பைட் பேரு கூட அங்க போகல. நாஸ் வெச்சிருக்கிற தமிழ் ஆபீஸ் எதுவா இருந்தாலும் நான் சொல்றது, ஒரு பேருல 40 குறிக்கு மேல போகாதீங்க, எந்தப் பெட்டிலயும் மாட்டாது. மொத்தப் பாதையைப் பத்தி லினக்ஸ்ல பெருசா கவலைப்பட வேணாம், அதுக்கு 4,096 பைட் இருக்கு, முழுக்கத் தமிழா இருந்தாலும் 1,365 குறி வரும். மேக்ல 1,024 பைட்.

மேக்னு சொன்னதும் ஞாபகம் வருது. "கொலுசு"ன்னு அடிக்கிறப்ப அந்த "கொ" க-வும் ஒரு கொம்புக்கால் குறியுமா ரெண்டா இருக்கலாம், இல்ல க, கொம்பு, கால்னு மூணாவும் இருக்கலாம், பாக்க ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. மேக்கோட பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபார்மட் இதைப் பிரிச்சுதான் வெச்சுக்கும், அங்கருந்து வந்த ஃபைலை விண்டோஸ்ல போட்டா ஒரே ஃபோல்டர்ல "கொலுசு" ரெண்டு இருக்கும், தேடுனா ஒண்ணுதான் கெடைக்கும். பேய் எல்லாம் இல்லைங்க, மேக்லருந்து வந்ததோட பேரை முழுசா அழிச்சுட்டு உங்க கீபோர்டுலயே கொஞ்சம் மாத்தி அடிச்சா சரியாயிடும்.

கொலுசுப் பட்டறைல வேற ஒரு எல்லை முட்டுச்சு, இது நீளத்துல இல்ல, அகலத்துல. டிசைன் போட்டோவெல்லாம் ஒரே ஃபோல்டர்ல கொட்டி பென் டிரைவ்ல போட்டுக்கிட்டே இருந்தாங்க, ஒரு கட்டத்துல எடம் இருந்தும் புது ஃபைல் ஏறல. பென் டிரைவ் இருந்தது ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மட்ல. அதுல ஒரு ஃபோல்டருக்கு 65,536 வரிதான், ஆனா ஒரு ஃபைலுக்கு ஒரு வரின்னு கணக்கு இல்ல, எட்டு எழுத்து தாண்டுன பேருக்கும், தமிழ்ப் பேருன்னா எவ்வளவு சின்னதா இருந்தாலும், 13 எழுத்துக்கு ஒரு வரி வீதம் தனியா எடுத்துக்கும், அது போக குட்டிப் பேருக்கு ஒரு வரி. நாப்பது எழுத்துச் சொச்சம் பேருன்னா ஃபைலுக்கு அஞ்சு வரி, ஆக சுமார் 13,100 ஃபைலோட ஃபோல்டர் நெறைஞ்சு போச்சு. மாடல் வாரியா நாலு ஃபோல்டராப் பிரிச்சா தீந்துச்சு, இல்ல எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணிக்கங்க, ஃபார்மட்டுக்கு முன்னாடி எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு. பழைய லினக்ஸ் சர்வர்ல ஈஎக்ஸ்டி3ங்கிற ஃபார்மட் இருந்தா அதுலயும் ஒரு ஃபோல்டருக்குள்ள நேரடியா 31,998 ஃபோல்டருக்கு மேல போட முடியாது, பில் நம்பருக்கு ஒரு ஃபோல்டர் போடுற சாஃப்ட்வேர் வெச்சிருக்கிறவங்க பாத்துக்கங்க.

ஆழத்துக்குன்னு நெஜமாவே எல்லை போட்டது ஒண்ணு உண்டுன்னா அது சிடி. ஐஎஸ்ஓ 9660-ங்கிற அந்தக் காலத்து விதிப்படி எட்டு அடுக்குக்கு மேல ஃபோல்டர் கூடாது. ஜோலியட்ங்கிற அதோட நீட்டிப்புல பேரு 64 எழுத்து வரைக்கும். இன்னும் கல்யாண ஆல்பம் டிஸ்க்குல எரிச்சுக் குடுக்கிற ஸ்டுடியோ அண்ணன்களுக்கு மட்டும் இது.

முடிவே இல்லாம ஒரே ஃபோல்டர் திரும்பத் திரும்ப உள்ள போயிட்டே இருக்கா, "அப்ளிகேஷன் டேட்டா"வுக்குள்ள "அப்ளிகேஷன் டேட்டா", அதுக்குள்ள இன்னொண்ணுன்னு? பழைய கம்ப்யூட்டர் யூசர் ஃபோல்டரை மொத்தமா காப்பி அடிச்சிருப்பீங்க. அங்க ஜங்ஷன்னு ஒரு குறுக்கு வழி இருக்கு, அது தான் இருக்கிற ஃபோல்டரையே சுட்டும், காப்பி பண்ற சாஃப்ட்வேர் அதை நெஜ ஃபோல்டர்னு நம்பி சுத்திச் சுத்தி வரும், நம்ம சேலம் ஜங்ஷன்ல இறங்க வேண்டியவன் தூங்கிட்டு திரும்பத் திரும்ப வர்ற மாதிரி. ரோபோகாப்பில ஸ்லாஷ் எக்ஸ்-ஜே சேத்துக்கிட்டா ஜங்ஷனைத் தொடாது. கூடவே ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1 போட மறக்காதீங்க, போடலன்னா ஒரு ஃபைல் போகலைன்னா 30 செகண்டுக்கு ஒரு தடவை பத்து லட்சம் முறை முயற்சி பண்ணும், காலைல வந்து பாத்தா அதே ஃபைல்லயே நிக்கும்.

காப்பி முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஃபைல் எண்ணிக்கை ஒண்ணா இருக்கான்னு பாருங்க. "சைஸ் ஆன் டிஸ்க்"ங்கிறதைப் பாக்காதீங்க, டிஸ்க்குக்கு டிஸ்க் அது மாறும், எண்ணிக்கையைப் பாருங்க.

ரைட்டர் அண்ணனுக்கு நான் போட்டுக் குடுத்த முறை சிம்பிள். மேல வருஷம், உள்ள மாசம் நம்பர்ல, 2024-12 அப்படி. ஃபைல் பேரு "கூலி 12-2" மாதிரி, ரெண்டாவது வாரம்னு அதுவே சொல்லும், நம்பரும் கோடும் லினக்ஸ்லயும் ஒத்தை பைட்தான். நீளமா எழுதணும்னு ஆசைப்படுறதை எல்லாம் ஷீட்டுக்குள்ள முதல் வரில எழுதிக்கங்கன்னேன், அங்க எவ்வளவு வேணா எடம் இருக்கு. எல்லாத்துக்கும் சரின்னவரு "ஸ்ரீ சேர்வராயன் துணை"ல மட்டும் பிடிவாதமா நின்னாரு, சாமி பேரை எடுத்துட்டு கணக்கு எழுத மாட்டேன்னு. 56 பைட். அரை மணி நேரம் பேசுனோம். கடைசில நான்தான் கேட்டேன், அண்ணா, உங்க அப்பா நோட்டுல கணக்கு எழுதறப்ப மேல என்ன போடுவாருன்னு. பிள்ளையார் சுழின்னாரு. இப்ப அவரு ஃபைல் எல்லாம் "உ கூலி 12-2". மூணு பைட்.